பதினொன்றரை மணி

மிரோவின் வேலை போன் பண்ணுவது. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பான் அவள் தம்பி எவகோரஸ். எண்ணை அழுத்து, பெயரைக் கேள், "முடிவு வந்துவிட்டது, நாளை இத்தனை மணிக்குக் கணவரோடு வாருங்கள்" என்று சொல், வைத்துவிடு. ஒரு கிளிப்பிள்ளைக்கு ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். தீவின் தலைநகரான நிக்கோசியாவில் ஒரு பரிசோதனை மையத்தின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிற மிரோவுக்கும் அதில் சந்தேகம் இல்லை. கிளிப்பிள்ளைக்கு அது சுலபம். மனுஷிக்குத்தான் கஷ்டம்.

ஏனென்றால் போனில் முடிவைச் சொல்லக் கூடாது. கெட்டதைச் சொல்லக் கூடாது, நல்லதையும் சொல்லக் கூடாது. நல்லதை மட்டும் சொல்ல ஆரம்பித்தால் சொல்லாமல் விட்டதெல்லாம் கெட்டது என்று ஆகிவிடும். அதனால் எல்லோருக்கும் ஒரே வாக்கியம், ஒரே குரல். எதிர்முனையில் இருக்கிற கர்ப்பிணி அந்தக் குரலில் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். "நான் சிரிக்கலாமா, அதை மட்டும் சொல்லும்மா" என்று கெஞ்சியவர்கள் உண்டு. ஈஸ்டருக்கு முதல் வாரம் ஒரு மாமியார்க்காரி மருமகளிடமிருந்து போனைப் பிடுங்கி, "ஆட்டை வெட்டட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாள். "கணவரோடு வாருங்கள்" என்றாள் மிரோ. "என் புருஷன் செத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு" என்று அவள் வைத்துவிட்டாள்.

அந்தத் தீவில் ஏழு பேரில் ஒருவருக்குப் புள்ளி உண்டு. தலசீமியாவின் பாதியைச் சுமப்பவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். புள்ளிக்காரர்கள் நன்றாக உழைப்பார்கள், கல்யாணத்தில் ஆடுவார்கள், தொண்ணூறு வயது வரை இருந்து அக்கம்பக்கத்தாரை வைது தீர்ப்பார்கள். புள்ளியால் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு புள்ளிக்காரர்கள் கட்டிக்கொண்டால்தான் வம்பு. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டு புள்ளியும் ஒரே பிள்ளையில் போய்ச் சேர்ந்துவிட. அந்தப் பிள்ளைக்குச் சொந்த ரத்தம் போதாது, காலம் முழுக்க ஊரார் ரத்தத்தில்தான் வாழ வேண்டும். இதற்காகத்தான் ரத்தச் சோதனைத் தாள் இல்லாமல் எந்தப் பாதிரியாரும் கல்யாணம் செய்து வைப்பதில்லை. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. தாள் இருந்தால் போதும்.

மிரோ அப்படி இரண்டு புள்ளியும் சேர்ந்த பிள்ளை. நாற்பத்து மூன்று வயதுப் பிள்ளை. மூன்று வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, அதே கட்டடத்தில் லிஃப்ட் ஏறி இரண்டாம் மாடிக்குப் போவாள். அங்கே சாய்வு நாற்காலிகளில் அவளைப் போன்றவர்கள் வரிசையாகப் படுத்து, தலைக்கு மேல் சிவப்புப் பை தொங்க, பேப்பர் படித்துக்கொண்டோ கால்பந்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டோ இருப்பார்கள். சோதனைக்கு வரும் கர்ப்பிணிகள் முதல் மாடிக்குப் போக வேண்டியவர்கள். சில சமயம் யாராவது தப்பான பொத்தானை அழுத்திவிடுவார்கள். கதவு திறக்கும், அந்த வரிசையைப் பார்ப்பார்கள், அவசர அவசரமாகக் கதவை மூடுவார்கள். முந்தின நாள்தான் தன்னிடம் குழைந்து பேசிய பெண் பார்த்தும் பார்க்காததுபோல் மறைந்துபோவதை மிரோ நாற்காலியில் இருந்தபடி பலமுறை பார்த்திருக்கிறாள். முதல் சில வருஷம் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டாள்.

டாக்டர் அகாத்திக்கு ஒரு வழக்கம். நல்ல முடிவுக்காரர்களைக் காலை எட்டு மணியிலிருந்து பத்துப் பத்து நிமிஷமாகப் பார்த்து அனுப்பிவிடுவார். கெட்ட முடிவுக்காரர்களை மட்டும் பதினொன்றரைக்கு வரச் சொல்வார். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரம் வரை வேறு யாரும் இல்லை, வாசலில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு காத்திருப்பவர்களும் இருக்க மாட்டார்கள், நிதானமாக அழலாம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே மிரோ கண்டுபிடித்துவிட்டாள். பல வருஷம் வாயைக் கட்டித்தான் வைத்திருந்தாள். தம்பி கல்யாணத்தில் மூன்றாவது கிளாஸ் ஸிவானியாச் சாராயம் உள்ளே போனதும், மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களைச் சிரிக்க வைக்க வேண்டி, "பதினொன்றரைன்னு நான் சொன்னா கைக்குட்டையோட வாங்க" என்று சொல்லித் தொலைத்தாள். நுணலும் தன் வாயால் கெடும். கல்யாணப் பெண் ரொதூலாவும் அந்த மேஜையில்தான் இருந்தாள்.

ரொதூலாவுக்கும் புள்ளி, எவகோரஸுக்கும் புள்ளி. அக்காவின் ஊசியையும் பையையும் பார்த்து வளர்ந்தவன் எப்படிப் போய் விழுந்தான் என்று கேட்கலாம். விழவில்லை, கட்டிய வீடு இழுத்தது. பெண்ணுக்கு வீடு கட்டித் தருவது அங்கே பெண்ணைப் பெற்றவன் கடமை. ரொதூலாவின் அப்பா கட்டட மேஸ்திரி வேறு. நிச்சயம் ஆன மறுநாளே தன் வீட்டுக்கு மேல் மாடி எழுப்ப ஆரம்பித்துவிட்டார். ரத்தம் கொடுப்பதெல்லாம் கல்யாணத் தேதி குறித்த பிறகு செய்கிற சில்லறை வேலை, பத்திரிகை அடிப்பது மாதிரி. தாள் வந்தபோது மாடியில் குளியலறைக்கு நீல ஓடு பதித்து முடித்திருந்தார்கள்.

"ஓட்டைப் பேத்து எடுக்கச் சொல்றியா?" என்று எவகோரஸ் அக்காவிடம் கேட்டான்.

"முன்னாடியே ஒரு சொட்டு ரத்தம் கொடுத்திருந்தா ஒரு லாரி ஓடு மிச்சம்."

"இப்ப என்ன, சோதனைதான் இருக்கே. நீதானே அங்க உக்காந்திருக்கே."

அவர்களுடைய அம்மா கலியோப்பி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் எழுந்து மாப்பிள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

இதெல்லாம் இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. இப்போது ரொதூலாவுக்குப் பன்னிரண்டு வாரம் முடிந்திருந்தது. போன புதன்கிழமை முதல் மாடியில் அவள் வயிற்றில் ஊசி விட்டு, பனிக்குடத்தை ஒட்டி வளரும் சதையில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கலியோப்பி வீட்டில் சாப்பிடக் கூடினார்கள். எவகோரஸ் கொல்லையில் கரி அடுப்பில் இறைச்சிக் கம்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான். ரொதூலா சமையலறையில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், இல்லை, ஒரே வெள்ளரிக்காயை வெகு நேரமாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை நீதானே போன் பண்ணுவே?" என்று மிரோவிடம் கேட்டாள்.

"வேற யாரு பண்ணுவா?"

"உன் குரலை வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, தெரியும். மணியைச் சொல்லுவேல்ல, அது போதும் எனக்கு."

"அது குடிச்சிட்டு உளறினது."

"குடிச்சாதான் நீ உண்மையே பேசறே." ரொதூலா கத்தியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா மிரோ? கோவிச்சுக்கக் கூடாது."

"கோவம் வர்ற மாதிரி கேளேன், பாப்போம்."

"அது உன்னை மாதிரி இருந்தா நான் என்ன பண்ணட்டும்? நீ சொல்றதைத்தான் செய்வேன். எவகோரஸும் அதையேதான் சொல்றான். அக்கா சொல்லட்டும்ங்கறான்."

அடுப்புப் பக்கம் கலியோப்பி கொதிக்கிற தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கை சுட்டதா என்று தெரியவில்லை. "மேஜைக்கு வாங்க, ஆறிடும்" என்றாள்.

சாப்பிடும்போது மிரோவின் தட்டில் எல்லோரும் மாற்றி மாற்றி இறைச்சி வைத்தார்கள். ஏற்றுகிற ரத்தமே உடம்பில் இரும்பைச் சேர்த்துவிடும், அதனால் அவளுக்கு இரும்புச் சத்து ஆகாது, இறைச்சி அதிகம் சாப்பிடக் கூடாது என்பது அந்த வீட்டில் பூனைக்குக்கூடத் தெரியும். தம்பி மேல் அவளுக்கு எரிச்சல் வந்தது. முடிவெடுக்கும் பாரத்தைச் சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல் இவளிடம் தள்ளிவிட்டு அவன் நிம்மதியாக எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று இவள் சொன்னால், நான் பிறந்திருக்கக் கூடாது என்று இவளே சொன்னதாகும். வேண்டும் என்று சொன்னால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பிள்ளை ஊசிக்குக் கை நீட்டும்போதெல்லாம் ரொதூலா இவளைத்தான் பார்ப்பாள்.

ஆனால் எரிச்சலுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. யாராவது ஒருவர், இவளைக் கேட்காமல், "மிரோ மாதிரி ஒண்ணு வந்தா வரட்டுமே" என்று சொல்ல வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். இந்த வயதில் அப்படி ஆசைப்படுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அப்படிச் சொல்லக் கூடியவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு விரல்கூட மடங்கவில்லை. அம்மா சொல்ல மாட்டாள். அம்மா ஏற்கெனவே ஒருமுறை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

அது மிரோவுக்குப் பதினாறு வருஷமாகத் தெரியும். மையத்தின் பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை அவளிடம் வந்தபோது, அம்மாவின் பெயர் எதிரில் பட்டது. எவகோரஸ் வயிற்றில் இருந்தபோது எழுதியது. முந்தைய கர்ப்பங்கள் என்ற கட்டத்தில் இரண்டு வரி. முதல் வரி மிரோ. இரண்டாவது வரியில், "1980, லண்டனில் சோதனை, பாதிப்பு உண்டு, நிறுத்தப்பட்டது." அந்த வருஷம் மிரோவுக்கு நாலு வயது. லண்டனில் இருக்கும் சித்தியைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மா மூன்று வாரம் போயிருந்தாள். வரும்போது சிவப்புக் கோட்டுப் போட்ட பொம்மை ஒன்று வாங்கி வந்தாள். கண்ணை மூடித் திறக்கும் பொம்மை. தெருவில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை என்று மிரோ வெகுநாள் பீற்றிக்கொண்டாள். அந்தப் பதிவேட்டுப் பக்கத்தைத் தட்டச்சு செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு டாக்டர் அகாத்தி முகத்தில் கை வைத்துக்கொண்டு அவசரமாக வெளியே போனார். போகிற போக்கில் தடுப்பின் மேல் சீட்டைப் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு ஒரே ஒரு பெயர்தான். ரொதூலா. நாளை, பதினொன்றரை.

மிரோ சீட்டை இரண்டு முறை படித்தாள். முடிவு இருக்கும் உறை டாக்டர் அறையில் பூட்டிக் கிடந்தது. அவள் தண்ணீர் குடித்தாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள், எண்ணை அழுத்தினாள்.

"ரொதூலா அவர்கள்தானே பேசுவது?"

"நான்தான்."

"முடிவு வந்துவிட்டது. நாளைக் காலை பதினொன்றரை மணிக்குக் கணவரோடு வாருங்கள்."

போனில் எங்கோ தூரத்தில் ஒரு சலவை இயந்திரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"நன்றி" என்றாள் ரொதூலா, முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல. பிறகு, "நீ சாப்பிட்டியா மிரோ?" என்று கேட்டாள்.

"இல்லை, இனிமேதான்" என்றாள் மிரோ. அதையும் அதே குரலில்தான் சொன்னாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் எல்லோரும் கலியோப்பி வீட்டில் இருந்தார்கள். யாரும் யாரையும் வரச் சொல்லவில்லை. கலியோப்பி மேஜையில் ஒரு சட்டி அரிசிக் கலவையையும் ஒரு கட்டுத் திராட்சை இலையையும் வைத்திருந்தாள். வியாழக்கிழமை மிரோவுக்கு ரத்தம் ஏற்றும் நாள், அன்றைக்கு இலைச்சுருள் கொண்டுபோவது வழக்கம். கை சும்மா இருக்க முடியாமல் நாலு பேரும் சுருட்ட ஆரம்பித்தார்கள். எவகோரஸ் சுருட்டியதெல்லாம் பிதுங்கியது.

"இப்ப சொல்லு மிரோ" என்றாள் ரொதூலா. "நாளைக்கு அந்த டாக்டரம்மா முன்னாடி போய் யோசிச்சிட்டு நிக்க முடியாது என்னால. நீ பொறந்தது நல்லதா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

எவகோரஸ், "என்ன கேள்வி இது" என்றான். ஆனால் அவனும் பதிலுக்காகத்தான் பார்த்தான்.

"என்கிட்ட கேட்டு என்ன ஆகப் போகுது?" என்றாள் மிரோ. "நான் பொறந்துட்டேன். பொறந்தவகிட்ட கேட்டா நல்லதுன்னுதான் சொல்லுவா. எனக்குக் காப்பி பிடிக்கும், கடல் பிடிக்கும், என் சம்பளத்துல நான் வாழறேன். ஊசி பிடிக்காது. இதை வெச்சு நீ எப்படிக் கணக்குப் போடுவே?"

"அப்ப யாருகிட்டதான் கேக்கறது?"

கலியோப்பி பாதி சுருட்டிய இலையைத் தட்டில் வைத்தாள். "அவகிட்ட கேக்காதே பொண்ணே. என்கிட்ட கேளு."

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எம்பதுல நான் லண்டன் போனேன். தங்கச்சி வீட்டுக்குன்னு சொல்லிட்டுப் போனேன். தங்கினது அவ வீட்டுலதான், அது பொய் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெண்டு புள்ளியும் இருக்குன்னாங்க. வேண்டாம்னுட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி உண்டாச்சு. அதுக்கு ஒரு புள்ளிதான்னாங்க. வெச்சுக்கிட்டேன்."

"யாரு அது?" என்றான் எவகோரஸ்.

"யாரா? நீதான்டா மடையா."

எவகோரஸ் வாயைத் திறந்து மூடினான். முப்பத்தாறு வயதில், தான் ஒரு காலி இடத்தில் வந்து உட்கார்ந்தவன் என்று தெரிந்துகொள்வது அவனுக்கு ஜீரணிக்க நேரம் பிடித்தது. கடைசியில், "எங்ககிட்ட ஏம்மா சொல்லலை?" என்றான்.

"இவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்படிடா சொல்றது?" கலியோப்பி மிரோவின் பக்கம் திரும்பாமலே தலையை அசைத்துக் காட்டினாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் மிரோ.

கலியோப்பி இப்போது திரும்பினாள். "எப்ப தெரியும்?"

"பதினாறு வருஷமா. பதிவேட்டுல பாத்தேன்."

"ஏன் கேக்கலை?"

"நீ ஏன் சொல்லலை?"

 பிறகு மிரோதான் கேட்டாள். பதினாறு வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்த கேள்வி, அலுவலகக் குரலில் வரவில்லை. "என்னைப் பாத்துத்தானே வேண்டாம்னு சொன்னே?"

"ஆமா. உன்னைப் பாத்துத்தான்" என்றாள் கலியோப்பி. "வேற யாரைப் பாக்கறது? தெனம் படுக்கப் போறப்ப, சேர்ந்த இரும்பு இறங்கறதுக்காக உன் வயித்துல ஊசி ஏத்தினவ நான். அழக் கூடாதுன்னு நீ உன் கையையே கடிச்சுக்குவே. நாலு வயசு உனக்கு. இன்னொரு வயித்துல குத்த எனக்குக் கை வரலை. உன்னை வேண்டாம்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்லை. இன்னொரு தடவை என்னால ஆகாதுன்னு நினைச்சேன். ரெண்டும் ஒண்ணு இல்லை கண்ணு."

இரண்டும் ஒன்று இல்லை என்பது மிரோவுக்குப் புரிந்தது. அவள் முட்டாள் இல்லை. ஆனாலும் வலித்தது.

ரொதூலா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்ப நானும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். அம்மாவாலயே முடியலைன்னா என்னால எப்படி முடியும்? நான் ஊசியைப் பாத்தாலே மயங்கி விழறவ." அவள் அழ ஆரம்பித்தாள். எவகோரஸ் அவள் முதுகில் கை வைத்து, "சரி, சரி" என்றான். எதற்குச் சரி என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு யாரும் மிரோவை நேராகப் பார்க்கவில்லை. அவள் கையில் இருந்த இலையை ஒழுங்காகச் சுருட்டி முடித்து மற்றவற்றோடு அடுக்கினாள். "நாளைக்கு ரோட்டுல நெரிசல் இருக்கும். பத்து மணிக்கே கிளம்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கைகழுவிக்கொண்டு காரை எடுத்தாள். வழியெல்லாம் அவளுக்குத் தன் வாய்மேல்தான் கோபம். அன்றைக்கு அந்த மூன்றாவது கிளாஸைக் குடிக்காமல் இருந்திருந்தால், இன்றைக்கு இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

புதன்கிழமை பதினொன்று ஐந்துக்கே ரொதூலாவும் எவகோரஸும் வந்துவிட்டார்கள். ரொதூலா கையில் நிஜமாகவே கைக்குட்டை. டாக்டர் அகாத்தி பதினொன்றரைக்குப் பக்கவாசல் வழியாக வந்தார். இடது கன்னம் ரொட்டியை அடக்கி வைத்ததுபோல் வீங்கியிருந்தது. இருவரையும் உள்ளே அழைத்துக் கதவை மூடினார்.

மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளே எவகோரஸ் கத்துவது கேட்டது. பிறகு ரொதூலா கத்துவது. மிரோ எழுந்து நின்றாள். கதவு திறந்து எவகோரஸ் ஓடி வந்து, எதிரே நின்ற வாசல் காவலாளியைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். அந்த ஆளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்றாலும் திருப்பி முத்தம் கொடுத்தான்.

"என்ன குடும்பம் இது?" டாக்டர் அகாத்தி ஒரு பக்க வாயால் பேசினார், பாதி வார்த்தை எச்சிலோடு வந்தது. "பொம்பளைப் பிள்ளை, ஒரு புள்ளிதான், நல்லா இருக்குன்னு சொல்றேன். செத்த வீடு மாதிரி அழறாங்க."

"பதினொன்றரைக்கு வரச் சொன்னீங்களே டாக்டர்."

"எட்டு மணிக்கு எனக்குப் பல் மருத்துவர். நேத்து பாதி பிடுங்கினான், மீதி இன்னிக்கு. பதினொன்றரைக்கு என்ன இப்போ?"

"பதினொன்றரைன்னா கெட்ட முடிவுன்னு ஊர் முழுக்கத் தெரியும்."

டாக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "யார் சொன்னது?"

"யாரோ" என்றாள் மிரோ.

ரொதூலா அழுது சிவந்த முகத்தோடு வந்து தடுப்பைச் சுற்றி உள்ளே புகுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வெகு நேரம் விடவில்லை. காதுக்குப் பக்கத்தில், "நேத்து நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"என்ன சொன்னே? எனக்கு ஞாபகம் இல்லை."

"நீதான் ஞானத்தாய். உன் கையாலதான் ஞானஸ்நானம். வேற யாரையும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"சரி" என்றாள் மிரோ. அங்கே ஞானத்தாய் ஆவது சின்ன மரியாதை இல்லை, அதற்காக அக்கா தங்கைகள் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஓட்டத்தில் பின்தங்கியவளுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு என்று அவளுக்குத் தோன்றியதை அவள் வெளியே காட்டவில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறது என்பதில் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். தம்பி காவலாளிக்கு இன்னொரு முத்தம் கொடுப்பதைப் பார்த்துச் சிரித்தாள்கூட. முந்தின நாள் மேஜையில் எல்லோரும் சொன்னது மட்டும் அப்படியே இருந்தது. தேவைப்படாமல் போய்விட்டதே தவிர, சொன்னது சொன்னதுதான்.

வியாழக்கிழமை காலை அவள் இரண்டாம் மாடியில் ஜன்னலோரத்து நாற்காலியில் படுத்திருந்தாள். முதல் பை பாதி இறங்கியிருந்தது. கலியோப்பி ஏழு மணி பஸ்ஸில் வந்து, வழக்கம்போல் இலைச்சுருள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பிதுங்கியவற்றைத் தனியே பொறுக்கித் தான் தின்றாள்.

"ரொதூலா சொன்னதை மனசுல வெச்சுக்காதே."

"வெச்சுக்கலை."

"வெச்சிருக்கே. உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"பேசாம இரும்மா. பக்கத்து நாற்காலிக்காரன் காதைத் தீட்டிக்கிட்டு இருக்கான்."

பக்கத்து நாற்காலிக்காரன் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான். கலியோப்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவளால் முடிந்த அளவு அதுதான். "சின்னப் பொண்ணு, பயத்துல சொல்லிட்டா. என்னைத் திட்டு வேணும்னா. அவளை விட்டுடு."

"அவ சொன்னதுல தப்பே இல்லை" என்றாள் மிரோ. கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "ராத்திரி பூரா யோசிச்சேன். அவ இடத்துல நான் இருந்திருந்தா நானும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ஒரு நிமிஷம்கூட யோசிச்சிருக்க மாட்டேன். அதாம்மா எனக்கு ஆத்திரமா இருக்கு. வேற ஒண்ணும் இல்லை."

கலியோப்பி டப்பாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

நர்ஸ் இரண்டாவது பையைக் கொண்டு வந்து பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு முதல் பை முடிவதற்காக நின்றாள். கலியோப்பி கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐஸா இருக்கே."

"இப்பதான் பெட்டியிலிருந்து எடுத்தேன். அப்படித்தான் இருக்கும்."

மிரோ சின்னவளாக இருந்த காலத்தில் குளிர்ந்த ரத்தம் உள்ளே போகும்போது அவளுக்கு உடம்பு தூக்கிப் போடும். பல் கிட்டிக்கொள்ளும். அப்போதெல்லாம் தாய்மார்கள் பையை வாங்கித் தங்கள் உடம்போடு அணைத்து வைத்துச் சூடாக்கிக் கொடுப்பார்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். இப்போது அதற்கெல்லாம் அனுமதி இல்லை. கலியோப்பி பையை எடுத்துத் தன் கம்பளிச் சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, அப்படிச் செய்யக் கூடாது. என்னைத்தான் கேப்பாங்க" என்றாள் நர்ஸ்.

"அஞ்சு நிமிஷம்."

"அம்மா, கொடுத்துடு" என்றாள் மிரோ.

"அஞ்சு நிமிஷம்னு சொல்றேன்ல."

லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஒரு பெண், ஒரு கையில் கோப்பு, இன்னொரு கை இன்னும் பெரிதாகாத வயிற்றின் மேல். வரிசையான நாற்காலிகளைப் பார்த்தாள், தொங்கும் பைகளைப் பார்த்தாள். கம்பளிச் சட்டைக்குள் எதையோ அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கலியோப்பியைப் பார்த்தாள். அவள் கை பொத்தானைத் தேடியது.

"இது ரெண்டாவது மாடிம்மா" என்றாள் கலியோப்பி. "சோதனை கீழே, முதல் மாடியில. இறங்கினதும் இடது பக்கம்."

"நன்றிம்மா" என்றாள் அந்தப் பெண். கதவு மூடியது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். கலியோப்பி பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.